பேரனுக்கென்று வைத்த பாட்டில்

அன்று எங்கள் காலனி மருந்துக்கடையில் இருந்தது நான், லீவுக்கு வந்திருந்த என் மகள், அவள் தோளில் காய்ச்சலில் துவண்டு கிடந்த பேரன், சர்க்கரை மாத்திரைக்கு வந்த இரண்டு பெரியவர்கள், கடைக்காரர். ஒல்லியான ஆள். பேசும்போதெல்லாம் கையில் துணியோடு எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார்.

"பிள்ளைக சிரப்பு இல்லண்ணாச்சி," என்றார்.

வயசாளிகளுக்குக் கட்டும் டயப்பர் மட்டும் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பச்சப்பிள்ளைக்கு மருந்து இல்லாம என்னய்யா கடை?"

"பிள்ளைகுட்டியெல்லாம் திருப்பூரு, சென்னைன்னு போயிருச்சு. காலனி பூரா நம்ம வயசு ஆளுக. வாங்கி வச்சா தேதி முடிஞ்சு குப்பையிலதான் போடுறேன்."

"எனக்குன்னு ஒண்ணு வாங்கி வையா. காசு நான் தாரேன்!"

கத்திவிட்டு அருப்புக்கோட்டைக்கு ஆட்டோ பிடித்தோம். பிள்ளைக்கு வலிப்பு வந்துவிடுமோ என்று வழியெல்லாம் செத்துப் பிழைத்தேன். நல்லவேளை, ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

அதன்பிறகு மகள் வரவில்லை. "மருந்துகூடக் கிடைக்காத ஊருக்குப் பிள்ளையத் தூக்கிட்டு எப்படிப்பா வர?" என்கிறாள்.

கடைக்காரர் சொன்னபடியே ஒரு பாட்டில் வாங்கி வைத்தார். அதற்கும் தேதி முடிந்துவிட்டது. இன்னும் குப்பையில் போடவில்லை. நான் போனால் அதைத் துடைத்துக்கொண்டே, "மக வந்தாகளா?" என்று கேட்கிறார். குத்திக் காட்டுகிறாரா, அக்கறையா, தெரியவில்லை. கோபம்தான் வருகிறது. காசைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டால் பேரன் இனி வரமாட்டான் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

பாக்கி ஐம்பத்திரண்டு ரூபாய்.