தாய்மாமன் மடியும் ஒரு ரன் அவுட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மடியில் ஒரு மொட்டைத் தலை உட்கார்ந்திருந்தது.

தலைக்குச் சொந்தக்காரி ராக்கு. என் தங்கை பூரணத்தின் மகள். ஐந்து வயது. மொட்டையில் சந்தனம், கையில் வாழைப்பழம், கண்ணில் சந்தேகம். எதிரே ஆசாரி, ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ‘அந்தா பாரு காக்கா’ என்று வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். சாயல்குடிக்குப் பக்கத்தில், கடற்காற்று மணலை வாரி இலையில் பரிமாறும் ஒரு கோயில் வாசல்.

காதுகுத்து, தாய்மாமன் மடி… இதில் எழுத என்ன இருக்கிறது என்பீர்கள்.

இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து அந்த மடி அங்கே போய்ச் சேர ஏழு மாதம் ஆயிற்று. பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான். ஆனால் வழியை மறித்து இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இருவருமே நம் இந்திய அணியின் பேட்ஸ்மேன்கள்!

பெயர் சொல்ல மாட்டேன். முன்பு இந்தப் பக்கத்தில் இரண்டு ஊர் மிளகாயை ஒப்பிட்டு எழுதியபோது வந்த கடிதங்களைப் பத்திரிகை ஆசிரியர் இன்னும் என்னிடம் காட்டவில்லை. உடம்புக்கு ஆகாது என்கிறார். ஆகவே ஒருவரை நெட்டையர் என்றும் மற்றவரைக் குட்டையர் என்றும் வைத்துக்கொள்வோம்.

நெட்டையர் நின்று ஆடுபவர். பந்து எப்படி வந்தாலும் மட்டையைத் தாழ்ப்பாள் மாதிரி குறுக்கே போடுவார். பந்து அவர் காலடியிலேயே செத்து விழும். காலையில் வந்தவர் சாயங்காலமும் அங்கேயே இருப்பார் – வாடகைக்குக் குடி வந்தவர் மாதிரி. குட்டையர் அடிப்பவர். அவர் வந்தால் எல்லைக்கோட்டில் நிற்கிறவர்களுக்கு உட்கார நேரமிருக்காது. ஆனால் எப்போது போய்விடுவார் என்று அவருக்கே தெரியாது.

நான் குட்டையர் கட்சி. பூரணத்தின் புருஷன் – என் மாப்பிள்ளை இருளப்பன் – நெட்டையர் கட்சி.

இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். நான் தெருவைக் கடப்பதென்றால் இரண்டு மாட்டு வண்டிகளைப் போகவிட்டு, மூன்றாவது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பேன். இருளப்பன் பஸ் நிற்பதற்குள் குதிக்கிறவர். எனக்கு அதிரடி பிடிக்கிறது, அவருக்கு நிதானம். நம்மிடம் இல்லாததை யாராவது நமக்காக ஆடிக் காட்ட வேண்டியிருக்கிறது… கட்சி கட்டுவது அதற்குத்தானோ?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு பேரையும் நாங்கள் இருவருமே நேரில் பார்த்ததில்லை. பத்திரிகையில் வரும் மங்கலான படம்; மாப்பிள்ளையின் கருப்பட்டிக் கடையில் இருக்கும் ரேடியோ. அவ்வளவுதான் எங்கள் கிரிக்கெட். ரேடியோ இங்கிலீஷில்தான் பேசும். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். எனவே நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், அது சொல்வதைக் கடை முழுவதற்கும் தமிழில் சொல்வது என் வேலை.

பொங்கலுக்குத் தங்கைக்குச் சீர் கொண்டு போயிருந்தேன். மதராஸில் டெஸ்ட். நெட்டையரும் குட்டையரும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கடையில் கருப்பட்டி ஓலைக் கொட்டான்களுக்கு நடுவே எட்டுப் பேர், ரேடியோவை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் பெருமைதான். குட்டையர் சதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். வர்ணனையாளர் குரல் திடீரென்று உயர்ந்தது. அந்த நேரம் பார்த்து…

‘கொர்ர்ர்ர்.’

இரைச்சல் ஓய்ந்து ரேடியோ மறுபடி பேசியபோது குட்டையர் ரன் அவுட்.

“என்னாச்சு மச்சான்?” என்றார் இருளப்பன்.

“நெட்டையர் ‘வா’ன்னு கூப்பிட்டாரு. கூப்பிட்டுட்டு அவரு பாட்டுக்குத் திரும்பிப் போயிட்டாரு. நம்மாளு நட்ட நடுவுல நின்னுட்டாரு” என்றேன்.

“அவரு அப்பிடியாப்பட்ட ஆளு இல்ல. ஒங்காளுதேன் அவசரப்பட்டு ஓடியிருப்பாரு.”

“நானா சொல்றேன்? ரேடியோ சொல்லுது மாப்ளே.”

“ரேடியோ எங்க சொல்லுச்சு? நீங்கல்ல சொல்றீக!”

எட்டுப் பேரும் சிரித்தார்கள். வாத்தியாருக்கு முன்னால் வகுப்பு சிரித்தால் என்ன ஆகும்? சுர்ரென்று ஏறியது. நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன், எழுதத்தான் வேண்டும்.

“கருப்பட்டி விக்கிறவுகளுக்குக் கிரிக்கெட்டப் பத்தி என்ன தெரியும்?”

இருளப்பன் எழுந்து ரேடியோவை நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தராசு பக்கம் போய்விட்டார். அன்று சாயங்காலமே நான் பஸ் ஏறினேன்.

மறுநாள் பத்திரிகையைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். ‘ரன் அவுட்’ என்று இரண்டே வார்த்தை. யார் கூப்பிட்டார், யார் ஓடினார் என்பதற்கெல்லாம் இடமில்லை.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. நானும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை. “ஆடுன ரெண்டு பேரும் அன்னைக்கு ராத்திரி ஒண்ணா ஒக்காந்துதான சாப்பிட்டிருப்பாக?” என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். நான் விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

ஆடி மாதக் கடைசியில் பூரணத்திடமிருந்து ஒரு கார்டு.

‘அண்ணே, ராக்குக்கு ஆவணியில காதுகுத்து. அஞ்சு வயசு தாண்டுனா ஆறுல குத்தக் கூடாதுங்கிறாக. இவுக தாம்பூலத்தோட வந்து அழைக்க மாட்டாக. அழைக்காம நீயும் வர மாட்ட. நம்ம சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்திக்கிருவோம்னு சொல்றாக. கூடப் பொறந்த அண்ணன் நீ இருக்கயில இன்னொருத்தர் மடியில எம்புள்ளைய ஒக்கார வச்சா, நாளைக்கு நான் எந்த முகத்தோட ஒன் வீட்டுக்கு வருவேன்?’

மூன்று முறை படித்தேன். நான்காம் முறை எழுத்துத் தெரியவில்லை. கண்ணாடியின் பவர் மாறிவிட்டது என்று நினைக்கிறேன்.

மனைவி பாவாடை சட்டை, கம்மல், பழம் எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் கட்டித் தந்தாள். தாம்பூலம் இல்லாத அழைப்புக்குச் சீர்த்தட்டோடு கிளம்பினேன். வழியெல்லாம் ஒரே கவலை… அந்தச் சித்தப்பா மகன் ஏற்கனவே உட்கார்ந்திருந்தால்?

உட்கார்ந்துதான் இருந்தான். கோயில் வாசலில், புது வேட்டியில், சம்மணம் போட்டு. என்னைப் பார்த்ததும் பூரணம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இருளப்பன் எனக்குப் பக்கத்திலிருந்த பனைமரத்தைப் பார்த்து, “வாங்க” என்றார்.

பனைமரம் அசையவில்லை. நான் போனேன்.

சித்தப்பா மகன் நல்ல பையன். “அப்பாடா! எந்திரிக்கட்டா அண்ணே? அந்த ஊசியப் பாத்ததுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல” என்று எழுந்து ஓடியே போய்விட்டான்.

அப்படித்தான் ராக்கு என் மடிக்கு வந்தாள்.

“தலைய ஒருத்தர் பிடிங்க, கைய ஒருத்தர் பிடிங்க” என்றார் ஆசாரி. நானும் தலையைப் பிடித்தேன். இருளப்பனும் தலையைப் பிடித்தார். சட்டென்று இருவருமே விட்டோம். இருவருமே கையைப் பிடித்தோம்.

“ஏய்யா, ஒங்களுக்குள்ள பேசிக்கிற மாட்டீகளா?” என்றார் ஆசாரி.

“நீங்க தலைய…” என்றார் இருளப்பன். ‘வாங்க’ பனைமரத்துக்குச் சொன்னது; ஏழு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

குத்தியாயிற்று. ராக்கு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். என் சட்டையில் மூக்கைத் துடைத்தாள். பிறகு விக்கிக்கொண்டே, என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. கூட்டமெல்லாம் கிடாக் கறி மணத்தின் பக்கம் போய்விட்டது. வேப்ப மரத்தடியில் நான், மடியில் குழந்தை, கொஞ்சம் தள்ளி ஓலைவிசிறியால் ஈ ஓட்டிக்கொண்டு இருளப்பன்.

“மாப்ளே… அன்னைக்கு ரேடியோவுல எனக்கு ஒண்ணுமே கேக்கல. நானாத்தான் சொன்னேன்.”

“தெரியும்” என்றார்.

“எப்பிடி?”

“எனக்கு இங்கிலீசுதேன் தெரியாது மச்சான். கொர்ருங்கிறது எல்லாப் பாசையிலயும் கொர்ருதான?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கலாம். அதற்குப் பதில், “தெரிஞ்சுமா ஏழு மாசம் பேசாம இருந்தீங்க?” என்று கேட்டேன். படித்தவன் கேட்கிற கேள்வி!

விசிறி நின்றது.

“அதுக்கா பேசாம இருந்தேன்? கடையில எட்டுப் பேரு இருந்தாக மச்சான். எம்மச்சான் பத்திரிகையில எழுதுறவரு, ரேடியோ பேசுறதத் தமிழ்ல சொல்லுவாருன்னு வீடு வீடாப் போயிக் கூட்டியாந்தது நாந்தேன். அவுக முன்னாடி கருப்பட்டி விக்கிறவன்னுட்டீக.”

வாரா வாரம் இந்தப் பக்கத்தை வார்த்தைகளால் நிரப்புகிறவன் நான். அப்போது கிடைத்தவை இரண்டே வார்த்தை. எங்கள் பக்கத்தில் சம்பந்தக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொள்வது இல்லை.

“தப்பு மாப்ளே” என்றேன்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். நான்காக மடித்தார். குனிந்து, என் முழங்காலுக்கு அடியில் சொருகினார்.

“கால அசைச்சிராதீக. புள்ள முழிச்சுக்கிரும்” என்றார். நிமிர்ந்து, “எலைய இங்கனயே கொண்டாரச் சொல்றேன்” என்று பந்திப் பக்கம் நடந்தார்.

நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஆறு மணி பஸ்ஸும் போயிற்று. இரண்டு காலும் மரத்துவிட்டன. நான் எழுந்திருக்கவில்லை – குழந்தை முழித்துக்கொள்வாள் அல்லவா?