லொக்கு டப்பா

வட்டமான பிஸ்கட் டப்பா. மூடியில் உளி வைத்துக் கீறிய வாய், தூக்கிப் பிடிக்க ஒரு கம்பி. மாதாமாதம் அதைத் தூக்கிவரும் டீச்சரம்மா குலுக்கினால் உள்ளே காசுகள் லொக்கு லொக்கென்று இருமும். காசநோய் ஆஸ்பத்திரிக்கான வசூல் அது. ஆனால் திருத்தணியில் எங்கள் தெரு எதை அதன் சொந்தப் பெயரால் அழைத்தது? அநாதைப் பிள்ளைகளுக்கு அரிசி வாங்க வருகிற பை ‘கஞ்சி மூட்டை’. கண் ஆஸ்பத்திரிக்கு ‘இருட்டு உண்டி’. டீச்சரம்மாவினுடையது ‘லொக்கு டப்பா’. மலைமேல் ஒரு உண்டி போதாதா, கீழே வேறு இத்தனை வாயா என்று கிண்டலடித்தபடியே காலணா போடுவார்கள். நானும் சிரித்தவன்தான், அப்பா இருமத் தொடங்கும்வரை.

அப்பா மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையல். அடுப்புப் புகைதான் என்றிருந்தோம். துண்டில் ரத்தம் கண்ட அன்று அம்மா டீச்சரம்மாவிடம் ஓடினாள். அவர்தான் ஆஸ்பத்திரியில் படுக்கைக்குச் சொல்லிவைத்து, அப்பாவை ரயிலேற்றியும் விட்டார்.

“யார் காதுலேயும் விழப்படாது டீச்சர். தெரிஞ்சா அவரை மறுபடி மடைப்பள்ளிக்குள்ளே விடமாட்டா.”

“என் வாயில வராதும்மா.”

யாத்திரைக்காரர்களுக்குச் சமைத்துப்போடக் காசிக்குப் போயிருக்கிறார் என்று தெருவிடம் சொன்னாள் அம்மா. காசத்தைக் காசியாக்கினாள், பாவம்.

அடுத்த மாதம். தெருக்குழாயில் நான் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க்கடை வீட்டம்மாள் எதிர்வாசலிலிருந்து உள்ளே பார்த்துக் கூவினாள்: “லொக்கு டப்பா வந்துகினு கீது, கதவ சாத்துங்கடி!”

டீச்சரம்மாவும் சிரித்தார்.

“இன்னா டீச்சர், எங்கியோ எவனோ இருமறான், நாங்க இன்னாத்துக்குத் துட்டு போடணும்?”

டீச்சரம்மாவின் சிரிப்பு நின்றது. குரல் தாழ்ந்தது. ஆனாலும் குழாய்வரை கேட்டது.

“எங்கியோ இல்லம்மா. மலைமேல நீங்க சாப்புட்ட பொங்கலக் கிண்டுன கைதான் அங்க படுத்துகினு இருக்குது. எதிர் வீடு.”

அந்தம்மாள் சுருக்குப்பையை அவிழ்த்தாள். முழு ரூபாய். அது இருமவில்லை, கல்போல விழுந்தது. என் குடம் நிரம்பி வழிந்துகொண்டேயிருந்தது. டீச்சரம்மா அடுத்த வாசலில் ஏறினார், அதற்கடுத்த வாசலிலும். அன்று சாயங்காலமே குழாயடியில் எங்கள் குடத்தை மட்டும் யாரோ காலால் தள்ளிவைத்திருந்தார்கள்.

அப்பா குணமாகி வந்தார். கன்னத்தில் சதை, நெஞ்சில் சத்தமில்லை. மடைப்பள்ளியில், “பிழைச்சது அவன் அருள். ஆனா நைவேத்தியமாச்சே, ஊர் என்ன சொல்லும்?” என்றார்கள். அதன்பிறகு அப்பா வீட்டில்கூடக் கரண்டியைத் தொடவில்லை.

டப்பா மறுபடி எங்கள் வாசலுக்கும் வந்தது. அம்மா எப்போதும்போல அரையணாவைப் போட்டாள். போட்டுவிட்டுக் கேட்டாள்: “எங்காத்துக் கதைக்கு இந்தத் தெருவிலே எவ்வளவு விழுந்தது டீச்சர்?”

டீச்சரம்மாவின் கண் நிறைந்தது. “அந்தக் காசுலதானேம்மா அவருக்குப் பாலும் மருந்தும். பொழச்சு வந்துட்டாரு பாருங்க.”

பொய்யென்றால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அது உண்மை. அந்த உண்மையைத் தின்றுதான் நாங்கள் அதே தெருவில் வாழ்ந்தோம், வாய் திறக்காமல்.

இப்போது மின்சார ரயிலில் யார் யாரோ டப்பா குலுக்கி வருகிறார்கள். பிளாஸ்டிக் டப்பா, பூட்டு, முத்திரை. சத்தம் மட்டும் அதே இருமல். தூரத்தில் கேட்கும்போதே சட்டைப்பையில் கைவிட்டுவிடுகிறேன். யாருக்கு, என்ன நோய் என்று அவர்கள் வாயைத் திறப்பதற்குள் போட்டுவிட வேண்டும் எனக்கு.