மகளோடு அரை மணி நேரம்

ஏழாம் மாதத்தில் இரண்டாவது குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு மலைக்குத் திரும்பினேன். நாங்கள் திருவாரூர்ப் பக்கத்துக்காரர்கள். கணவருக்கு மலைமேல் அரியூர் நாடு என்ற பகுதியில் அரசுப் பள்ளி வேலை. அவர் காலையில் போனால் மாலைவரை வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது.

நான் அழவில்லை. சமைத்தேன், துவைத்தேன், குழந்தைக்கு ஊட்டினேன். அவள் பேசிக்கொண்டிருந்த ஐந்தாறு வார்த்தைகளையும் விட்டுவிட்டாள் என்பதுகூட என் புத்தியில் ஏறவில்லை. எடை பார்க்க வந்த அங்கன்வாடி டீச்சர்தான் கவனித்தார். அவர் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"ஏனுங்க, பாப்பா முன்ன காக்கா, பாலுன்னெல்லாம் சொல்லுமுங்களே. இப்ப வாயவே தொறக்க மாட்டீங்குது?"

"தெரியல டீச்சர்."

டீச்சர் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "தினமும் ஒரு அரை மணி நேரம் கூட உக்காந்து வெளையாடுங்க. டம்ளர்ல இருந்து டம்ளருக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. துணி கிளிப்ப டப்பா விளிம்புல மாட்டட்டும். பெரிய இலை, சின்ன இலைன்னு பிரிக்கட்டும். நீங்க பாட்டுக்குப் பேசிட்டே இருங்க, அது பதில் சொல்லோணும்னு இல்லீங்க. ஆனா சின்னச் சாமான் எதுவும் கையில குடுத்துறாதீங்க."

கடைசியில் சொன்னது என் காதில் விழவே இல்லை.

மறுநாளிலிருந்து பத்து மணிக்கு உட்கார்ந்தோம். பலா இலையைத் தூக்கி "பெரிசு" என்பேன். காப்பி இலையைத் தூக்கி "சின்னது" என்பேன். என் குரல் பஸ் ஸ்டாண்டில் வண்டி நேரம் சொல்கிற ஒலிபெருக்கி போல எனக்கே கேட்டது. மகள் இலையைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது நாள் விடாத மழை. இலை பறிக்கப் போக முடியவில்லை. டப்பாவிலிருந்து சிவப்புத் தட்டைப்பயறும் வெள்ளைத் தட்டைப்பயறும் எடுத்துத் தரையில் கொட்டி, இரண்டு கிண்ணம் வைத்தேன். "இதுல சிவப்பு, அதுல வெள்ளை" என்றேன். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

திரும்பியபோது அவள் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது துவாரத்துக்குள் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. டீச்சருக்கு போன் செய்தேன்.

"நோண்டிறாதீங்க, உள்ள போயிரும்" என்றார். "மடியில உக்கார வெச்சு, பயறு இல்லாத பக்க மூக்க வெரல்ல அடைச்சுக்கிட்டு, முத்தம் குடுக்கற மாதிரி வாயோட வாய் வெச்சு வேகமா ஒரு ஊது ஊதுங்க. வரலீன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். நா வாரேன்."

இடது மூக்கை அடைத்தேன். வாயில் வாய் வைத்து ஊதினேன். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை பயறு சளியோடு என் கன்னத்தில் வந்து விழுந்தது. மகள் திகைத்தாள். பிறகு கடகடவென்று சிரித்து, என் முகத்தை இரு கையாலும் இழுத்துத் திரும்பவும் வாயருகே வைத்துக்கொண்டாள். இதுவும் விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். இன்னொரு தடவை ஊதினேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அவளுக்கு ஒரு முத்தம்கூடக் கொடுத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

டீச்சர் நனைந்துகொண்டு ஓடிவந்தார். டார்ச் அடித்து மூக்கைப் பார்த்துவிட்டு, "ஒன்னுமில்லீங்க, பயந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். எனக்குப் பயமே வரல. எதுவுமே வர மாட்டேங்குது" என்றேன். இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட.

அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சிதறிக் கிடந்த பயறை ஒன்று விடாமல் பொறுக்கி டப்பாவில் போட்டார். "நாளைக்கு நர்ஸம்மாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன் கண்ணு" என்றார். அதுவரை மரியாதையோடு பேசியவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அன்றுதான்.

நர்ஸ் வழியாக டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை கொடுத்தார்கள், வாரம் ஒரு முறை வரச் சொன்னார்கள். உடனே எதுவும் மாறிவிடவில்லை. பத்து மணிக்கு உட்காருவது மட்டும் நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, டம்ளர் விளையாட்டில் மகள் தண்ணீரை என் மடியில் கவிழ்த்துவிட்டாள். மலைத் தண்ணீர், உடம்பு தூக்கிப்போட்டது.

"ஜில்லு" என்றாள் மகள்.

"ஆமா, ஜில்லு" என்றேன். ஈரச் சேலையோடு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.