கண்டக்டர் அண்ணாச்சியின் வெப்பமானி

சீவலப்பேரி டவுன் பஸ்ஸின் ஜன்னல் கம்பியில், சணல் கயிற்றில் கட்டிய வெப்பமானி ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். அது கண்டக்டர் அண்ணாச்சியின் சொந்தச் சொத்து. டிக்கெட் கொடுத்து முடித்ததும் குனிந்து அதைப் பார்த்து, பழைய தாளொன்றில் குறித்துக்கொள்வார். நான் பாளையங்கோட்டையில் இயற்பியல் படிக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை விடவில்லை. "ஏ பிள்ள, பஸ் ஓடும்போது நமக்குக் குளுகுளுன்னு இருக்கு. இதுல மட்டும் டிகிரி குறைய மாட்டேங்குதே, ஏன்?" வேர்வை காய்வதால் நமக்குத்தான் குளிர்கிறது, அதற்கு வேர்வை கிடையாதே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சரிதானா என்று எனக்கே சந்தேகம். அவர் உடனே கைக்குட்டையை நனைத்து அதன் அடிக்குமிழில் சுற்றினார். மணிமுத்தீசுவரம் தாண்டுவதற்குள், "இறங்குதுவே! இறங்குது!" என்று கத்திய கத்தலில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார், யாரோ இறங்கக் கேட்பதாக நினைத்து.

ஒருநாள் நாற்பத்தெட்டு டிகிரி என்று பஸ் முழுக்க அறிவித்தார். பார்த்தால், டிக்கெட் கொடுக்கும் அவசரத்தில் வெப்பமானியை இன்ஜின் பெட்டிமேல் வைத்திருக்கிறார். "வே, என் இன்ஜினுக்குல்லா காய்ச்சல் பாத்திருக்கீரு!" என்றார் டிரைவர். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் அண்ணாச்சிதான். "அது பொய் சொல்லலவே. நான் வச்ச இடத்தைச் சொல்லிருக்கு" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

படிப்பு முடிந்து, கல்யாணமாகி, வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் ஒரு காலை, என் பதினான்கு மாத மகளின் உடம்பு லேசாகச் சுட்டது. கிருமி இருக்குமோ என்று பாதரச தெர்மாமீட்டரை வெந்நீரில் நன்றாகக் கழுவித் துடைத்து அக்குளில் வைத்தேன். நூற்றியேழு. வேலைக்குப் போயிருந்த கணவரைப் போனில் அழைத்தேன்.

"பிள்ள என்ன செய்யுதா?"

"கிண்ணத்தைத் தட்டிச் சிரிக்கா."

"நூத்தியேழுல யாராவது கிண்ணம் தட்டுவாளாட்டி?"

அப்போதுதான் இன்ஜின் பெட்டி நினைவுக்கு வந்தது. எனக்குக் காட்டியது பிள்ளையின் சூடல்ல, வெந்நீரின் சூடு! ஏறிய பாதரசம் உதறினால்தானே இறங்கும்? இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். பச்சைத் தண்ணீரில் கழுவி, உதறி, மறுபடி வைத்தேன். தொண்ணூற்றொன்பது. நம்பாமல் இன்னும் இரண்டு முறை பார்த்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் சுற்றினேன். பயம் போனது மட்டுமல்ல. ஒன்றைக் கண்டுபிடித்த குதூகலம். அம்மாவான பிறகு அது எனக்குக் கிடைக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று மாலையில் பஸ் ஏறினேன். அதே அண்ணாச்சி, தலை மட்டும் நரைத்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே முன்பக்கம் பார்த்துக் கூவினார்: "ஏ டிரைவரே, காலேஜ்ல படிச்ச பிள்ளையும் நம்ம சோலியத்தான் பாத்திருக்கு!"

ஜன்னலோரம் வெப்பமானி ஆடிக்கொண்டிருந்தது. சணலுக்குப் பதில் இப்போது நைலான் கயிறு. மகள் எட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். அழுக்கு, தொடாதே என்று கையைத் தட்டிவிடுவது என் வழக்கம். அன்று தட்டவில்லை. அவள் பிஞ்சு விரல்கள் குமிழைப் பொத்த, சிவப்புக் கோடு மெல்ல நகர்ந்தது.

"ஏறுதுவே!" என்று கத்தியது, இந்த முறை நான்.