சோற்றை நிறுத்திய மருமகன்

வலது காலின் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. இரத்தத்தில் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னார். ஏதோ நகம் வெட்டுவதைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

பயந்த மனிதன் சின்னதாக எதையாவது தீர்மானிப்பானா? வீடு போய்ச் சேர்வதற்குள் இலக்குகள் தயார். இனி சோற்றை வாயில் வைப்பதில்லை. பிட்டு, இடியப்பம், சீனித் தேத்தண்ணீர் எல்லாவற்றுக்கும் பெரிய கும்பிடு. விடியற்காலையில் வாவிக்கரை நெடுக வேக நடை. நடக்க வேண்டியது அந்தப் புண் காலால்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. குடும்ப வட்சப் குழுவில் அறிவித்ததும் கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. பாதி வியாதி அப்போதே மாறியது போல இருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், பெண் வீட்டில்தான் குடியிருக்கிறான். நான் குடியிருக்கும் வளவில், ஒரே வேலிக்குள், மனைவியின் தாயான மாமி, அவளின் அக்காமார், ஆளுக்கொரு அடுப்பு. அங்கே மருமகன் சோற்றுக் கோப்பையைத் தள்ளினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கோபித்துக்கொண்டான். வியாதி என்பதெல்லாம் வெறும் சாட்டு.

அவித்த பயறோடு நான் உட்கார்ந்ததும் மாமியின் முகம் சுண்டிப் போனது. மனைவியின் மூத்த அக்கா, பெரிய மச்சாள், இறால் கறியோடு வந்து, தன் தங்கச்சி ஏதும் பிழையாகக் கதைத்தாளா என்று விசாரித்தாள். கதை வாவி தாண்டி என் ஊரான பழுகாமத்துக்குப் போய், அங்கிருந்து என் அம்மாவும் பெரியப்பாவும் சமாதானம் பேச வந்து இறங்கினார்கள். புண்ணைக் காட்டினேன். பெரியப்பா அதை நன்றாகப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் சாட்டிப் பெண்டாட்டியோடு முறுகக் கூடாது என்று புத்தி சொன்னார்.

சமாதானம் என்றால் பந்தி இல்லாமலா? நாட்டுக்கோழி, நண்டு, எருமைத் தயிர், கோப்பை நிறையச் சோறு. இரண்டு குடும்பத்து மானத்தையும் காப்பாற்றத் தின்றேன். விரல் ஒன்றைத்தான் காப்பாற்ற ஆளில்லை.

மாமி மறுபடியும் சோறு போட வந்தபோது மனைவி அகப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவும் இப்பிடித்தான், சீனி வருத்தத்தோட ஆர்ர மனமும் நோகக் கூடாதெண்டு திண்டவர். அவர்ர கால் போனதுக்குப் பொறகு ஆரு வந்து சமாதானம் பேசின?"

பெரியப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

இப்போது என் இலக்கை வைத்திருப்பவர் மாமிதான். மத்தியானம் ஒரு அகப்பைச் சோறு, மிச்சமெல்லாம் கீரையும் மீனும். கூடக் கேட்டால் அவருக்குக் காது கேளாது. வட்சப்பில் யாருக்கும் அறிவிக்கவில்லை, கைதட்டலும் இல்லை. புண் மெல்ல மெல்ல வாடுகிறது.

மாமி மருமகனின் காலைத் தொடுவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். போன கிழமை நான் மருந்து கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து குந்தி, விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"அந்த மனிசனுக்கும் நான் ஒரு அகப்பையோட நிப்பாட்டியிருக்கலாம், மனே."

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.