ஓடுதா, மிஸ்ஸி?

நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் பிள்ளைக்கு ஒலி என்று பெயர் வைத்தால், அது இறைநேசர் என்ற பொருளில். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அது தெரியாது. டிரான்ஸ்ஃபார்மரின் சத்தத்தைக் கேட்பதையே வேலையாகக் கொண்ட மனிதருக்கு யாரோ பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, உண்மைப் பெயர் என்ன என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதான் பேரு, மிஸ்ஸி. ஒலி முகம்மது. சத்தம் போடுறது நான் இல்ல, அது" என்று கொட்டகைக்குள் கை காட்டினார்.

நர்ஸ்மாரை அப்போது எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வேலை பார்த்தது சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய பிரசவ மருத்துவமனை. ஜப்பானியர் ஊரைப் பிடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மருத்துவமனையின் பின்சுவரை ஒட்டித்தான் அவருடைய கொட்டகை.

அவர் நாற்பத்தைந்து வயதுக்காரர். குண்டு விழத் தொடங்கியதும் மனைவி ரஷீதாவையும் மகளையும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியாது. கடிதப் போக்குவரத்து நின்றுவிட்டது. மணிக்கொரு தடவை டிரான்ஸ்ஃபார்மரைக் கவனிக்க வேண்டும் என்பதால் கொட்டகையை விட்டு எங்கும் போக முடியாது. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டும் ஒரு மணி நேரம் விடுவார்கள். மற்றபடி மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டு அதன் பக்கத்திலேயே இருந்தார்.

அது ஆள் உயர இரும்புத் தொட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். மெல்லிய இரும்புத் தகடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கிச் செய்த ஒரு சட்டம். அதைச் சுற்றி, காகிதம் சுற்றிய செம்புக் கம்பியில் இரண்டு சுருள்கள். ஒன்றில் சுற்று அதிகம், மற்றதில் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. முதல் சுருளில் மின்சாரம் முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடும்போது இரும்பு காந்தமாகும், காந்தத்தின் திசையும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம் இரண்டாவது சுருளில் புதிதாக மின்சாரத்தைக் கிளப்பும். சுற்றுகள் குறைவு என்பதால் அதன் அழுத்தமும் குறைவு. ஆறாயிரத்து அறுநூறு வோல்ட் உள்ளே போய், எங்கள் வார்டு விளக்குக்கு ஏற்ற அளவில் வெளியே வரும். காந்தம் மாறும் ஒவ்வொரு முறையும் இரும்புத் தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு சுருங்கும். அதுதான் அந்த 'ம்ம்ம்' என்ற சத்தம்.

தொட்டி நிறைய எண்ணெய். மின்சாரம் தாவாமல் தடுப்பதும் சூட்டை வெளியே கொண்டுவருவதும் அதன் வேலை. சூடான எண்ணெய் மேலே ஏறி, பக்கவாட்டுக் குழாய்களில் இறங்கி, ஆறி, அடிவழியாக மறுபடி உள்ளே போகும். எண்ணெய் அளவைக் காட்டும் கண்ணாடியும் வெப்பமானியும் குண்டுவீச்சில் உடைந்துபோயின. மாற்று கிடைக்கவில்லை. அதனால்தான் ஓர் ஆளைக் காதோடு உட்கார வைத்திருந்தார்கள். இது கருகினால் உன் தலை இருக்காது என்று ஜப்பானிய மேற்பார்வையாளன் கழுத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போயிருந்தான்.

மழைக்காலத்தில் அவருக்கு மலேரியா வந்தது. மருத்துவமனையில் இருந்த கொயினா மாத்திரைகளை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொயினா சாப்பிட்டால் சிலருக்குக் காதுக்குள் இரைச்சல் கேட்கும். எனக்கு அது தெரியும். இவரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அது என் தவறு.

ஒரு நாள் பிற்பகல், பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போது மின்விசிறி நின்றது. கத்தரிக்கோல் கொதித்துக்கொண்டிருந்த மின்சாரப் பாத்திரமும் அடங்கியது. மின்சாரம் போனால் உடனே வந்து சொல்லும் மனிதர் அன்று வரவில்லை. பிள்ளையை எடுத்துத் தாயிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஸ்டூலில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"நானா, கரண்ட் இல்லை" என்றேன். அவர் ஊர் வழக்கில் அண்ணனை நானா என்பார்கள்.

"ஓடுதே மிஸ்ஸி. கேக்கலையா?"

கொட்டகைக்குள் ஒரு சத்தமும் இல்லை. சொன்னால் நம்பமாட்டார் என்று, அவர் கையைப் பிடித்துத் தொட்டியின் மேல் வைத்தேன். மேலே பீங்கான் குமிழ்களைத் தொட்டால்தான் சாவு, தொட்டியின் உடம்பைத் தொடலாம். அந்த இரும்பு அசையாமல் கிடந்தது. அவர் கையை எடுக்க வெகுநேரம் ஆனது. பெரிய நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. காதில் கேட்பது கொயினாவின் இரைச்சல் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

"குளிசை எங்கை?" என்று கேட்டேன்.

"முழுங்கிட்டேன்."

தலைமாட்டில் இருந்த தகர டப்பாவைத் திறந்தேன். ஒன்பது மாத்திரைகள் கிடந்தன. "அப்ப இது ஆருடையது?"

"காய்ச்சல் வந்தா நடுங்கிக்கிட்டாவது உக்காந்திருப்பேன், மிஸ்ஸி. காது போச்சுன்னா உக்காந்து என்ன செய்யிறது? தலையை எடுத்துடுவான். அப்புறம்," என்று நிறுத்தினார், "இங்க பேசுறது அது ஒண்ணுதான்."

இரண்டாவதற்கு என்னிடம் மருந்து இல்லை. முதலாவதற்கு மட்டும் பதில் சொன்னேன். "நாங்கள் நாடியைக் காதாலையோ பாக்கிறம்? கை இருக்குத்தானே. குளிசையை விழுங்குங்கோ."

அவர் விழுங்கி முடிக்கும்வரை நின்றேன். ஒன்பது நாளும் நின்றேன். காய்ச்சல் இறங்கியது, இரைச்சல் இறங்கவில்லை. சிலருக்கு அது ஒரு மாதத்தில் தணியும். இவருக்குத் தணியவே இல்லை. ஜும்ஆ தொழுகைக்குப் போய், பயான் என்கிற பிரசங்கத்திலும் உட்கார்ந்துவிட்டு வந்து, "பள்ளியிலயும் டிரான்ஸ்பாமர்தான் பயான் பண்ணுது" என்றார். யாராவது சிரிக்க வேண்டுமே என்று நான் சிரித்தேன்.

மணிக்கொரு தடவை உள்ளங்கையைத் தொட்டியில் வைத்தார். அதிர்வைப் பார்த்தார், சூட்டைப் பார்த்தார், குழாய்களையும் தடவினார். நான் அந்தப் பக்கம் போனால், "ஓடுதா, மிஸ்ஸி?" என்று கேட்பார். கை சொன்ன பிறகும் கேட்பார். காதருகே போய், "ஓடுது, நானா" என்பேன். அன்றைய நாளில் அவரோடு யாரும் பேசியது அவ்வளவாகத்தான் இருக்கும்.

நாற்பத்து நான்காம் வருடம் ஒரு காலை, தொட்டியில் கை வைக்க முடியாத சூடு. குழாய்களோ சில்லென்று இருந்தன. எண்ணெய் குழாய்களின் மேல்வாய்க்குக் கீழே இறங்கிவிட்டது, அதனால் சுற்றி ஓடி ஆற வழியில்லை என்று அவர் கை கண்டுகொண்டது. சுவிட்சை இழுத்து நிறுத்திவிட்டு வந்து எங்களிடம் சொன்னார்.

மேற்பார்வையாளன் வந்ததும் முதலில் கன்னத்தில் அறைந்தான். சத்தம் மாறாத டிரான்ஸ்ஃபார்மரை யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று கத்தியிருக்கிறான். பிறகு மூடியைத் திறந்தார்கள். அடியில் இணைப்புப் பட்டை இற்றுப்போய், எண்ணெய் சரளைக்கல்லுக்குள் யாருக்கும் தெரியாமல் கசிந்திருந்தது. இன்னும் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தால் சுருள் வெளியே தெரிந்திருக்கும், கருகியும் இருக்கும். அவன் மூடியை மூடச் சொல்லிவிட்டுப் போனான். குண்டில் சிதைந்த வேறொரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எண்ணெய் எடுத்து, ஈரம் போகக் காய்ச்சி ஊற்றினார்கள். அந்த இரண்டு நாளும் தேங்காயெண்ணெய் விளக்கில் மூன்று பிரசவம் பார்த்தோம்.

"காது இருந்திருந்தா சத்தத்தைக் கேட்டுட்டு சும்மா உக்காந்திருப்பேன்" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

சண்டை முடிந்த மறுவருடம் ரஷீதாவின் கடிதம் வந்தது. மகளுக்குக் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. நாகப்பட்டினம் கப்பலில் அவருக்கு இடம் கிடைத்தது. பயணத்தில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று எழுதிக் கொடுக்க நான் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். கூட்டமும் சங்குமாக ஒரே இரைச்சல். அவருக்கு அதில் எதுவும் கேட்டிருக்காது. தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். மேலே போனதும், என்ஜின் போட்டிருந்த கப்பலின் இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார்.

"ஓடுது, மிஸ்ஸி" என்று மேலிருந்து கத்தினார். என்னிடம் கேட்கவில்லை.