குளிர் எந்த வழியால் வரும்?

வயதுபோன ஆக்களைப் பார்க்கிற வேலையில், குளிர்காலம் வந்தால் பார்க்கிறவனும் சேர்ந்துதான் விறைக்கவேணும். இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் பழைய வீடுகளில் வேலைக்கு நிற்கிற உங்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

கோட்டு

கால்சாப் பகுதியில் நான் பார்த்த சின்யோர் ஐயாவுக்குத் தொண்ணூறு வயது கிட்ட. மனுசி செத்துப்போனா, ஒரே மகள் வடக்கே மிலானோவில். வீட்டுக்கூரை கோயில் உயரம், நிலம் முழுக்க மாபிள் கல். இருந்த ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டால் வீட்டுக் கரண்டே நின்றுபோகும். போன வருசம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். "இன்னொருக்கால் இருமினால் மிலானோவிலை முதியோர் இல்லம்தான்" என்று மகள் சொல்லிப்போட்டா. அவர் பிறந்ததே அந்த வீட்டில்தான். அதனால் குளிர்காலத்தை இருமாமல் கடத்துவதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை.

முதல் நாள் வெயில் காயக் கூட்டிப்போக வெளிக்கிட்டு, கோட்டை எடுத்து நீட்டினேன். மனுசன் சிரித்தார்.

"கோட்டு வீட்டுக்குள்ளை போடுறது, அந்தோனியோ. வெளியிலை போகேக்கை கழட்டவேணும்."

துவாய்

எங்கடை மன்னாரில் பனி காதால்தான் உள்ளே போகும். விடிய எழும்பினால் துவாயைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுவோம். இவருக்கோ குளிர் கழுத்தால் போகும். நான் அவர் காதை மூட, அவர் கழற்றி எறிவார். அவர் என் கழுத்தில் சால்வையைச் சுற்ற, எனக்குத் தூக்குக் கயிறு மாதிரி இருக்கும். ஒருநாள் விடாப்பிடியாய்த் துவாயைக் கட்டிக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தினேன். கனநேரம் தன்னையே பார்த்தார்.

"பல்லுக்கொதியிலை கன்னம் கட்டின பிஷப் மாதிரி இருக்கிறன்."

இருமல்

தை மாதக் கடல்காற்றில் அவருக்கு இருமல் தொடங்கியது. டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சில் ஒன்றுமில்லை, தொண்டைதான் என்றார். மகள் நம்பவேணுமே! பின்னேரம் அவ போன் எடுக்கிற நேரம் அவருக்கு இருமல் வந்தால், பக்கத்தில் நின்று நானும் இருமுவேன், அவரைவிடப் பலமாய். அவர் போனைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரிப்பார். சிரிப்பால் இன்னும் இருமல் வரும். ஒருநாள் மகளின் குரல் எனக்கும் கேட்டது.

"பப்பா, அந்த மனுசனை வேலையாலை நிப்பாட்டுங்கோ. உங்களுக்கும் தொத்தப்போகுது."

சால்வை

என்னை நிப்பாட்டமாட்டேன் என்று அவர் அடம்பிடிக்க, மகள் பிளேன் ஏறி வந்து நின்றா. குசினியில் அடுப்புக்கு முன்னால் துவாய்க்கட்டோடு நான், சால்வைச் சுற்றோடு தகப்பன், இரண்டு பேருக்கும் ஒரு போர்வை. அந்த நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்தது. இந்தமுறை எனக்கு இரும வாய் வரவில்லை. அவ ஏசவில்லை. கழற்றின கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு, கதிரையில் இருந்து அழுதா. நல்ல பிள்ளை.

அடுத்த கிழமை அவரை மிலானோவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. படியில் நின்று அவர் தன் சால்வையைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டார். நான் துவாயைக் கொடுத்தேன்.

கனநாள் கழித்து அவரே போன் எடுத்தார். அங்கை முதியோர் இல்லம் முழுக்கச் சூடாம், எல்லாரும் மெல்லிய சட்டையோடு இருக்கினமாம்.

"நான் மட்டும் காதை மூடிக்கொண்டு இருக்கிறன். நீ கழுத்தை மூடினியோ?"

இப்ப எனக்கு நல்ல ஹீட்டர் உள்ள வீட்டில் வேலை, கழுத்துத்தான் வேர்த்துக் கொட்டுது.